உச்சி வெயிலில் உழைப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி - பதில்

வெயிலில் வேலை செய்பவர்களும் அவர்களின் வீட்டாரும் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். ஒரே பொருளைக் கேட்டிருந்தவற்றைச் சேர்த்துவிட்டோம்.

எங்கள் சைட்டில் புதிதாகச் சேர்ந்த 19 வயதுப் பையன் மூன்றாம் நாள் மதியம் சுருண்டு விழுந்துவிட்டான். அவனோடு ஜல்லி சுமந்த 50 வயது ஆளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இளரத்தம்தானே தாங்க வேண்டும்?
- கட்டட மேஸ்திரி, ஓமலூர்

வெயில் விஷயத்தில் வயதைவிடப் பழக்கம் பெரிது. தினமும் வெயிலில் உழைத்தால் 7 முதல் 14 நாட்களுக்குள் உடம்பு தன்னை மாற்றிக்கொள்கிறது. வியர்வை சீக்கிரமே சுரக்கும், நிறையச் சுரக்கும், அதில் போகும் உப்பு குறையும். ரத்தத்தில் நீர்ப்பகுதி கூடும். அதே பாண்டைத் தூக்கும்போது இதயம் முன்பைவிட மெதுவாகத் துடிக்கும். உங்கள் 50 வயது ஆளுக்கு இதெல்லாம் எப்போதோ நடந்து முடிந்துவிட்டது. பையனுக்கு இன்னும் தொடங்கவே இல்லை. வேலைத்தள வெப்பச் சாவுகளில் பெரும்பகுதி முதல் சில நாட்களிலேயே நிகழ்வது இதனால்தான். புதிதாக வந்தவன் 'முடியவில்லை' என்று சொல்ல வெட்கப்படுவான் என்பதும் இதோடு சேர்ந்துகொள்கிறது.

கணக்கு எளிது. புது ஆளுக்கு முதல் நாள், வெயிலில் செய்யும் கடும் வேலை வழக்கமானதில் ஐந்தில் ஒரு பங்கு. அடுத்தடுத்த நாட்களில் ஒவ்வொரு பங்காகக் கூட்டி, ஐந்தாம் நாள்தான் முழு வேலை. மீதி நேரத்துக்கு நிழலில் கம்பி கட்டவோ ஆணி பிடுங்கவோ விடுங்கள். பழைய ஆளே காய்ச்சல், ஊர்த் திருவிழா என்று ஒரு வாரத்துக்கு மேல் போய்த் திரும்பினால் முதல் நாள் பாதி, இரண்டாம் நாள் 60 சதவீதம், மூன்றாம் நாள் 80, நான்காம் நாள் முழுதும். இந்த நாட்களில் கூலியைக் குறைக்காதீர்கள். குறைத்தால் கிறுகிறுப்பு வந்தாலும் மறைத்துக்கொண்டு வேலை செய்வான், அதுதான் ஆபத்து.

தளம் போடும் நாளில் பாதியில் நிறுத்த முடியாதே என்பீர்கள். விடியும் முன்பே மிக்சரை ஓட்டி, பத்து பத்தரைக்குள் முடிகிற அளவுக்கு ஆள் வைத்துக்கொள்வதுதான் வழி. 40 டிகிரிக்கு மேல் கான்கிரீட் போடுவதை இந்தியத் தர நிர்ணயமே (ஐ.எஸ். 7861) தனி முன்னெச்சரிக்கை வேண்டிய வேலையாக வைத்திருக்கிறது. தண்ணீர் ஆவியாகிக் கலவை சீக்கிரம் இறுகிவிடும், மேற்பரப்பு வெடிக்கும். விடியற்காலைத் தளம் ஆளுக்கும் நல்லது, கட்டடத்துக்கும் நல்லது. இதை வீட்டுக்காரரிடம் எடுத்துச் சொன்னால் அவரும் மறுக்க மாட்டார்.

பன்னிரண்டு முதல் மூன்று வரை சுமை தூக்கும் வேலையே வேண்டாம் என்பது எங்கள் உறுதியான கருத்து. வேலைத்தள வெப்பத்தை வெறும் வெப்பமானியால் அளப்பதில்லை. ஈரத்துணி சுற்றிய வெப்பமானி காட்டுவதில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்பு உருண்டைக்குள் இருப்பதில் 20, சாதாரண வெப்பமானியில் 10 என்று கூட்டி ஓர் எண் எடுக்கிறார்கள். அந்த எண் 30ஐத் தாண்டும்போது, வெயில் பழகிய ஆள்கூடக் கடும் வேலையை மணிக்குக் கால் மணி நேரம்தான் செய்யலாம்; முக்கால் மணி ஓய்வு. மே மாத மதியத்தில் தமிழ்நாட்டின் பல இடங்களில் 30 சாதாரணமாகத் தாண்டும். அந்த மூன்று மணி நேரத்தில் ஆளை வாட்டினாலும் வேலை நகராது.

ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர் தண்ணீர்? உப்பு போட வேண்டுமா, குளுக்கோஸ் பவுடர் போதுமா?
- காய்கறித் தோட்டத் தொழிலாளி, ஒட்டன்சத்திரம்

நாள் கணக்கை விடுங்கள், மணிக்கணக்கில் பாருங்கள். வெயிலில் உழைக்கும்போது 15 அல்லது 20 நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது சுமார் 250 மில்லி. மணிக்கு முக்கால் முதல் ஒரு லிட்டர். தாகம் எடுக்கட்டும் என்று காத்திருந்தால் உடம்பு ஏற்கெனவே பின்தங்கிவிட்டிருக்கும். அதேபோல மணிக்கு ஒன்றரை லிட்டரைத் தாண்டவும் கூடாது. வெறும் தண்ணீரை மடமடவென்று அளவுமீறிக் குடித்தால் ரத்தத்தில் சோடியம் கீழே போய்த் தலைவலி, வாந்தி, குழப்பம் வரும். அதையும் 'வெயில் மயக்கம்' என்று நினைத்து இன்னும் தண்ணீர் கொடுத்து ஆளை மோசமாக்குவதுண்டு.

காலையில் சாப்பிட்டுவிட்டு வந்து இரண்டு மணி நேரம் வேலை செய்வதற்கு வெறும் தண்ணீர் போதும். அதற்கு மேல் தொடர்ந்து வியர்த்தால் உப்பு வேண்டும். 1 லிட்டர் தண்ணீருக்கு டீஸ்பூனால் தலைதட்டிய 6 ஸ்பூன் சர்க்கரை, அரை ஸ்பூன் உப்பு. இருபது பேர் வேலை செய்யும் இடமென்றால் 20 லிட்டர் கேன் ஒன்றில் அரைக் கிலோ சர்க்கரையும் 60 கிராம் தூள் உப்பும் கரைத்து வைத்துவிடலாம். உப்பைக் கண்ணளவில் போடாதீர்கள், அங்கேதான் தவறு நடக்கிறது. குடித்துப் பார்த்தால் கண்ணீரைவிட உப்புக் கரிக்கக் கூடாது. கரித்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். சர்க்கரையைக் குறைக்க வேண்டாம். குடல் உப்பையும் நீரையும் இழுத்துக்கொள்ள அது உதவுகிறது. அன்றன்று கரைத்ததை அன்றே தீர்க்க வேண்டும்.

கடையில் ஓ.ஆர்.எஸ். வாங்கினால் உறையின் பின்பக்கம் பாருங்கள். ஒரு லிட்டருக்கு சோடியம் குளோரைடு 2.6 கிராம், குளுக்கோஸ் 13.5, பொட்டாசியம் குளோரைடு 1.5, சிட்ரேட் 2.9 என்றிருப்பதே உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. முழுப் பொட்டலத்தையும் ஒரு லிட்டரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். பாதியை டம்ளரில் கொட்டிக் கலக்கினால் அளவே கெட்டுவிடும். வெறும் குளுக்கோஸ் பவுடரில் உப்பு அநேகமாக இல்லை. தெம்பு வந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

உப்புப் போட்ட மோர், நீராகாரம், கம்மங்கூழ் எல்லாமே முதல் தரம். ஒரு லிட்டர் தயிரை நான்கு லிட்டர் மோராக்கி இரண்டு டீஸ்பூன் உப்புப் போட்டால் ஏறக்குறைய அதே உப்பளவு வந்துவிடும். இளநீரில் பொட்டாசியம் ஏராளம், சோடியம் குறைவு. குடிக்கலாம், ஆனால் வியர்வையில் போன உப்பை அது மட்டும் ஈடுகட்டாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இளநீர் குடிக்கக் கூடாது. டீ இரண்டு மூன்று டம்ளர் பரவாயில்லை. முந்தைய இரவு மது குடித்தவரை மறுநாள் வெயிலில் கடும் வேலைக்கு விடாதீர்கள்.

தண்ணீர் குளிர்ச்சியாக இருந்தால் இரண்டு மடக்கு கூடுதலாகவே உள்ளே போகும். கேனை நிழலில் வைத்து ஈரச் சாக்கைச் சுற்றி விடுங்கள். மண்பானை உள்மாவட்டங்களின் வறண்ட காற்றில் நன்றாகக் குளிரும். கடலோரப் புழுக்கத்தில் அவ்வளவு குளிராது.

உப்பளத்தில் வேலை. கழிப்பறை தொலைவில் இருப்பதால் காலையில் வீட்டில் குடித்தால் மதியம் வரை தண்ணீரைத் தொடுவதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது.
- வாசகி, தூத்துக்குடி

சகோதரி, உங்கள் நீர்க்கடுப்புக்கு அந்தப் பழக்கமே காரணமாக இருக்கலாம். சிறுநீர் கெட்டியாகி, அதையும் அடக்கி வைத்தால் கிருமி பெருகும், கல் சேரும். பல கோடைகள் இப்படியே போனால் சிறுநீரகம் கொஞ்சம் கொஞ்சமாகச் சக்தி இழக்கும். வலி இருக்காது, அதனால் தெரியவும் செய்யாது. உப்பளத்தில் மேலிருந்து வெயில், பாத்தியின் வெள்ளைப் பரப்பிலிருந்து எதிரொளிக்கும் வெயில், சுற்றிலும் ஒரு மரமில்லை. இந்த இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருப்பது மற்ற வேலைகளைவிட இரண்டு மடங்கு கெடுதல்.

தீர்வு கழிப்பறைதான். அதை வேலை கொடுப்பவர் செய்து தர வேண்டும்; தண்ணீரை அடக்கிக்கொண்டு நீங்கள் ஈடுகட்டக் கூடாது. பாத்திகளுக்குப் பக்கத்தில் ஐந்து நிமிட நடைக்குள் நடமாடும் கழிப்பறையோ, குழிக்கு மேல் தகரத் தடுப்பு அறையோ, ஒரு டிரம் தண்ணீரோடு வைக்கலாம். நான்கைந்து பெண்கள் சேர்ந்து கேளுங்கள். சங்கம் இருந்தால் சங்கத்தின் வழியாக எழுதிக் கொடுங்கள்.

அது வரும் வரை, காலையில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடிக்காதீர்கள். அது ஒரு மணி நேரத்தில் சிறுநீராகத்தான் போகும். வேலை தொடங்கி வியர்க்கத் தொடங்கிய பின் சிறிது சிறிதாகக் குடித்தால் பெரும்பகுதி வியர்வையாகவே போய்விடும், ஒதுங்க வேண்டிய அவசியம் குறையும். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருந்தால் போதுமான அளவு குடிக்கிறீர்கள். அடர் மஞ்சள் என்றால் போதவில்லை. கறுப்பு டீ நிறத்தில் வந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை சிதைந்து சிறுநீரகத்தை அடைக்கத் தொடங்கிய அடையாளமாக இருக்கலாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஆண்டுக்கு ஒருமுறை கிரியேட்டினின் பரிசோதனை (சிறுநீரகம் சரியாக வேலை செய்கிறதா என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) செய்துகொள்ளுங்கள். நீர்க்கடுப்புக்குக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டு ஓட்டாதீர்கள்.

வயலில் அப்பா மயங்கி விழுந்தார். உடம்பு கொதித்தது. தண்ணீர் ஊற்றப் போனபோது 'சூடான உடம்பில் பச்சைத் தண்ணீர் ஊற்றினால் ஜன்னி கண்டுவிடும்' என்று தடுத்துவிட்டார்கள். ஆட்டோ தேடவே அரை மணி ஆனது. பிழைத்துக்கொண்டார். அடுத்த முறை என்ன செய்வது?
- விவசாயி மகள், விருத்தாசலம்

தடுத்தவர்கள் நல்லெண்ணத்தில்தான் தடுத்திருப்பார்கள். ஆனால் ஹீட் ஸ்ட்ரோக் எனப்படும் வெப்பவாதத்தில் உயிரைக் காப்பதே அந்தப் பச்சைத் தண்ணீர்தான். உடம்பின் உள்சூடு 40 டிகிரியைத் தாண்டிய பின் மூளையும் கல்லீரலும் சிறுநீரகமும் நிமிடக் கணக்கில் பாதிக்கப்படுகின்றன. எவ்வளவு சீக்கிரம் 39க்குக் கீழே இறக்குகிறோமோ அவ்வளவு உயிர் மிஞ்சும். அரை மணிக்குள் இறக்கிவிட வேண்டும். ஆகவே முதலில் குளிரவைப்பது, பிறகுதான் ஏற்றிச் செல்வது.

முதலில் இது வெப்பவாதமா, வெறும் களைப்பா என்று பாருங்கள். பெயரைக் கேளுங்கள், இது எந்த இடம் என்று கேளுங்கள். தெளிவாகப் பதில் சொல்லி, வியர்த்துக் கொட்டி, தலைவலி, குமட்டல் என்றால் களைப்பு. நிழலில் படுக்கவைத்துக் காலை உயர்த்தி, உப்புச் சர்க்கரைத் தண்ணீரை மடக்கு மடக்காகக் கொடுங்கள். அரை மணியில் தெளியாவிட்டால் மருத்துவமனை. தெளிந்தாலும் அன்று மீண்டும் வேலை கூடாது. மாறாக உளறினால், காரணமில்லாமல் கோபப்பட்டால், தள்ளாடினால், வலிப்பு வந்தால், நினைவு தப்பினால் வெப்பவாதம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். 'வியர்க்கிறதே, அப்படியானால் ஹீட் ஸ்ட்ரோக் இல்லை' என்று விட்டுவிடாதீர்கள். உழைத்துக்கொண்டிருக்கும்போது வருவதில் வியர்வை இருக்கவே செய்யும். அக்குளில் வைக்கும் தெர்மாமீட்டர் உள்சூட்டைக் குறைத்தே காட்டும். அதை நம்பிக் காத்திருக்கவும் கூடாது.

ஒருவர் 108ஐ அழைத்து 'வெயிலில் வேலை செய்தவர், நினைவு தடுமாறுகிறது' என்று சொல்லட்டும். மற்றவர்கள் சட்டையைக் கழற்றட்டும், வேட்டியைத் தளர்த்தட்டும். பக்கத்தில் பம்ப்செட் தொட்டி இருந்தால் அதைவிடச் சிறந்தது எதுவுமில்லை. இருவர் தோளுக்கடியில் பிடித்துக் கழுத்தளவு நீரில் அமர்த்தி, மூன்றாமவர் தலையைத் தாங்கி முகம் நீருக்கு மேலேயே இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். நீரை அசைத்துக்கொண்டே இருங்கள். அசையாத நீர் தோலை ஒட்டிச் சூடாகிவிடும். தொட்டி இல்லையென்றால் குடம் குடமாகத் தலை முதல் கால் வரை ஊற்றி, முறத்தாலோ அட்டையாலோ விடாமல் விசிறுங்கள். ஈரத்துணி போர்த்தினால் இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை நனைத்து மாற்றுங்கள். அப்படியே விட்டால் அது கம்பளி போர்த்திய மாதிரி சூட்டை உள்ளே அடைத்துவிடும். ஐஸ் கிடைத்தால் துணியில் சுற்றிக் கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் வையுங்கள்.

நினைவு தெளியும் வரை அல்லது நடுக்கம் தொடங்கும் வரை விடாதீர்கள். பெரும்பாலும் 15, 20 நிமிடம் பிடிக்கும். இந்த நடுக்கம் ஜன்னி அல்ல, தோல் குளிர்ந்துவிட்டது என்பதற்கான அடையாளம். ஆம்புலன்சில் ஏறிய பிறகும் ஈரமும் காற்றும் தொடரட்டும்.

செய்யக் கூடாதவை: நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீரோ சோடாவோ ஊற்றினால் நுரையீரலுக்குள் போகும். வாந்தி எடுத்தால் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். பாராசிட்டமால் இந்தச் சூட்டைக் குறைக்காது. அது காய்ச்சலுக்கான மருந்து. இங்கே கல்லீரல் ஏற்கெனவே அடிபட்டிருக்கும். சுற்றிக் கூட்டம் போட்டுக் காற்றை மறிக்காதீர்கள்.

இன்னொன்று. 2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. அதில் இறப்பவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் உண்டு. எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் வெயிலில் வேலை செய்தார் என்பதை மருத்துவமனையில் சேர்த்தவுடனே சொல்லி, உடம்புச் சூட்டையும் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். பிறகு நிரூபிப்பது கடினம்.

பி.பி.க்கும் சர்க்கரைக்கும் மாத்திரை போடுகிறேன். பூப்பறித்துவிட்டு வந்தால் கிறுகிறுப்பு. மாலையில் உடம்பு வலிக்கு மெடிக்கலில் செட் மாத்திரை வாங்கிப் போடுகிறேன்.
- வாசகர், நிலக்கோட்டை

செட் மாத்திரையை இன்றே நிறுத்துங்கள். அதில் பெரும்பாலும் டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் மாதிரியான வலிநிவாரணி இருக்கும். உடம்பில் நீர் வற்றிய நிலையில் அது சிறுநீரகத்துக்குப் போகும் ரத்தத்தைக் குறைக்கிறது. பி.பி. மாத்திரையும் சேர்ந்தால் இரட்டை அடி. வெயிலில் உழைப்பவர்கள் சிறுநீரகத்தை இழக்கும் வழிகளில் இதுவும் ஒன்று.

நீர் பிரியவைக்கும் மாத்திரைகள் (ஹைட்ரோகுளோரோதயசைடு, ஃபுரோசமைடு), இதயத் துடிப்பைக் குறைக்கும் அட்டெனலால், மெட்டோபுரோலால், சர்க்கரைக்கான டாபாகிளிஃப்ளோசின், சளிக்கான குளோர்பெனிரமைன், மனநல மருந்துகள் சில ஆகியவை வெயிலைத் தாங்கும் சக்தியைக் குறைக்கும். நீங்களாக நிறுத்தாதீர்கள். மாத்திரை அட்டைகளை எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் 'நான் வெயிலில் வேலை செய்பவன்' என்று சொல்லிக் கேளுங்கள். கோடைக்கு மட்டும் அளவை மாற்றித் தருவதுண்டு. கிறுகிறுப்பு சர்க்கரை இறங்கியதாலும் வரலாம், அதனால் பையில் எப்போதும் நான்கு மிட்டாய் இருக்கட்டும். பி.பி. உள்ளவர்களுக்கு உப்புக் கரைசல் தினசரிப் பானமல்ல. தண்ணீரும் வேளாவேளைக்குச் சாப்பாடும் போதும். இன்சுலினை பைக் பெட்டியில் வைக்காதீர்கள், வெந்துவிடும்.

உணவு டெலிவரி செய்கிறேன். கழுத்தில் போடும் 'கூலிங் டவல்' பயன்படுமா?
- வாசகர், சென்னை

ஈரத்துண்டு செய்வதைத்தான் அதுவும் செய்கிறது. பருத்தித் துண்டை நனைத்துக் கழுத்தில் போட்டு, காயக் காய நனைத்தால் போதும். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். சொட்டிக் கீழே விழும் வியர்வையால் பயனில்லை. சென்னையின் புழுக்கத்தில் பாதி சொட்டித்தான் போகிறது. ஆகவே குளிர்ந்த நீர் கிடைக்கும் இடத்தில் முழங்கை வரை இரு கைகளையும் பத்து நிமிடம் அமிழ்த்துங்கள். அங்கே ரத்த ஓட்டம் அதிகம், சூடு வேகமாக இறங்கும்.

நிறுவன டி-சர்ட் செயற்கை இழை என்றால் உள்ளே பருத்தி பனியன், கைக்குத் தளர்வான வெளிர்நிற முழுக்கை. 40 டிகிரியில் வண்டி ஓட்டும்போது அடிக்கும் காற்று சூட்டைக் கூட்டவே செய்யும். வியர்வை உடனே உலர்ந்துவிடுவதால் எவ்வளவு நீர் போனது என்றே தெரியாது, அதனால் ஒவ்வோர் ஆர்டருக்கும் ஒரு டம்ளர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஹெல்மெட்டைக் கழற்றும் யோசனை மட்டும் வேண்டாம். ஏ.சி. அறைக்குள் நுழைந்தால் உடம்புக்குக் கெடுதல் என்பதும் வீண்பயம், தாராளமாக உட்காருங்கள்.

ஓய்வுக்குத் தகரக் கொட்டகை போட்டிருக்கிறோம். யாரும் உள்ளே போவதில்லை.
- செங்கல் சூளை நடத்துபவர், திருவள்ளூர்

போக மாட்டார்கள். வெயிலில் காய்ந்த தகரம் கீழே இருப்பவர் மேல் சூட்டை உமிழ்கிறது. தகரத்தின் மேல் தென்னங்கீற்றைப் பரப்புங்கள், அல்லது தகரத்தை எடுத்துவிட்டுக் கீற்றே போடுங்கள். உயரம் எட்டு, ஒன்பது அடி. நான்கு பக்கமும் திறப்பு. பச்சை வலை கட்டினால் ஓர் அடி இடைவெளி விட்டு இரண்டடுக்கு. நீலத் தார்ப்பாயைத் தலைக்குச் சற்று மேலே கட்டுவது தகரத்தைவிட மோசம். சூளையிலிருந்து வரும் அனல் படாத பக்கமாக, இரண்டு நிமிட நடைக்குள் இருக்க வேண்டும். தரையில் உட்காரவிடாமல் பெஞ்சோ கட்டிலோ போட்டு, தண்ணீரையும் அங்கேயே வையுங்கள்.

தம்பி ஜூன் மாதம் கத்தாருக்குக் கட்டட வேலைக்குப் போகிறான். அங்கே மதிய வேலை கிடையாது என்பது உண்மையா?
- வாசகி, அறந்தாங்கி

உண்மை. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 மணி முதல் மாலை 3.30 வரை வெட்டவெளி வேலைக்குத் தடை. 2021 முதல் இந்த நேரம் நடைமுறையில் உள்ளது. அதோடு, முதல் பதிலில் சொன்ன அந்த வெப்ப எண் 32.1ஐத் தாண்டினால் எந்த நேரமானாலும் வேலையை நிறுத்த வேண்டும். அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை 12.30 - 3.00. சவூதியில் அதே தேதிகளில் 12 முதல் 3 வரை. ஆனால் தடை நேரத்துக்கு வெளியிலும் வெக்கை கடுமைதான். தம்பி கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து இங்கே தினமும் ஒன்று, ஒன்றரை மணி நேரம் வெயில் வேளையில் வியர்க்க வேலை செய்யட்டும். போய் இறங்கிய முதல் வாரம் ஓவர்டைம் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

அக்னி நட்சத்திரம் முடிந்துவிட்டால் பயமில்லை அல்லவா?
- வாசகர், வேலூர்

கத்திரி சுமார் மே 4 முதல் 28 வரை பஞ்சாங்கம் சொல்லும் காலம். உடம்பு பஞ்சாங்கம் பார்ப்பதில்லை. மார்ச் மாதத்தில் திடீரென்று வெயில் ஏறும் முதல் வாரம், யாருக்கும் பழக்கமில்லாததால், மே மாதத்தைவிட ஆபத்தாகலாம். வானிலைத் துறையின் கணக்கில் சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடினால் வெப்ப அலை; கடலோரத்தில் 37 டிகிரியே போதும். கோடை மழை பெய்த மறுநாள் வெப்பமானி இறங்கியிருக்கும், புழுக்கம் ஏறியிருக்கும். அன்றும் அதே தண்ணீர், அதே ஓய்வு தேவை. மழையால் நாலைந்து நாள் வேலை நின்று மறுபடி வெயில் அடித்தால், முதல் நாள் பாதி வேலையிலிருந்து தொடங்குங்கள்.